முகத்துவாரத்து ஆச்சியின் வயது

சென்ற வைகாசியில், பள்ளிக்கூட விடுமுறையின்போது, கொழும்புக்குப் போய் ஒன்பது நாள் தங்கிவிட்டு வந்தேன். என்னோடு பி.ஏ. படித்த சிநேகிதி ஒருத்தி அங்கே பெண்கள் பள்ளியில் ஆசிரியை. பத்து வருஷமாக அழைத்துக்கொண்டிருந்தாள். நான் வேலை பார்க்கும் காரைக்குடிக்கே இப்போது ரயில் வந்துவிட்டதால் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. இலங்கை போக எண்ணியிருக்கும் பெண்களுக்கு, அதிலும் தனியாகப் போகிறவர்களுக்கு, உதவும் என்று இதை எழுதுகிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் வேண்டுபவர்கள் வேறு கட்டுரையைத் தேடுவது நல்லது. நான் கவனமாகப் பார்த்தது அந்த நகரத்தின் ஒரே ஒரு பகுதியைத்தான். அதுவும் பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டதில்லை.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, பள்ளிக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் உமையாள் ஆச்சி என்னைத் தேடி வந்தார். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பெண்கள் எல்லோரும் ஆச்சிதான். பதினாறு வயதானாலும் ஆச்சி, அறுபது வயதானாலும் ஆச்சி. நான் மதுரைக்காரி, இது பழக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

"டீச்சரம்மா, கொழும்புக்குப் போறீகளாமே?"

"ஆமாம். யார் சொன்னது?"

"நீங்க வெத்தல பாக்கு வாங்குனாக்கூட இந்தத் தெருவுக்குத் தெரிஞ்சுரும். கொழும்பு தெரியாதா?" என்று சிரித்தவர், உட்கார்ந்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். "எங்க விசாலம் அங்குட்டுத்தான் இருக்கா. இருக்காளோ, இல்லையோ."

விசாலாட்சி அவருடைய தங்கை. முப்பத்திரண்டு வயது. கணவர் பர்மாவில் காய்ச்சலில் இறந்து எட்டு வருஷம். ஒரே மகள் மீனாள். கணவரின் அண்ணன் வீட்டில் அடுப்படியே கதியாக இருந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராமேசுவரத்தில் ஒரு கொழும்புப் பணக்கார அம்மாளைச் சந்தித்திருக்கிறார். சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த அந்த வயதான அம்மாளுடன் கப்பலேறிவிட்டார். இந்தப் பக்கத்து ஆண்கள் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று கடல் கடந்து போவது வழக்கம். பெண்கள் போவது வழக்கமில்லை. விதவை, அதுவும் தனியாகப் போவது கேள்விப்படாதது. "இங்க சோத்துக்கு ஆக்குறதை அங்க சம்பளத்துக்கு ஆக்குறேன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா," என்றார் உமையாள் ஆச்சி. மீனாளைத் தன்னிடம் வைத்துக்கொண்டதும் அவர்தான்.

மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. கார்த்திகையோடு நின்றது. இவர் போட்ட மூன்று கடிதங்களும், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதித் திரும்பி வந்துவிட்டன. கணவரின் அண்ணன் சாத்தப்பச் செட்டியார், விசாலாட்சி எவனோடோ ஓடிப்போய்விட்டதாக முடிவு கட்டி, "தலைமுழுகியாச்சு" என்று ஊரறியச் சொல்லிவிட்டார். மீனாளுக்கு இப்போது பதினைந்து. நாட்டரசன்கோட்டையில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் முகூர்த்தம் என்று பேசியாயிற்று. மாப்பிள்ளை ஐப்பசியில் பினாங்கு போகிறார். திரும்ப மூன்று வருஷம் ஆகும். தாயின் பெயரைப் பத்திரிகையில் போடுவதில்லை, யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை என்ற பேச்சின்பேரில் பிள்ளை வீட்டார் சம்மதித்திருந்தார்கள்.

"உசிரோட இருந்தா ரெண்டு வரி எழுதி வாங்கியாருங்க. இல்லாட்டி, இல்லைன்னு தெரிஞ்சுட்டு வாங்க. ஓடிப்போனவ மகள்னு பேரெடுத்து அந்தப் புள்ள மணையில உக்காரக் கூடாது."

"இல்லை என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமே," என்றேன். தாய் இறந்த ஒரு வருஷத்துக்குள் மகளுக்குக் கல்யாணம் செய்ய மாட்டார்கள்.

"அது தெரியாமயா உங்ககிட்ட வந்திருக்கேன்?" என்றார்.

ஒரு கடித உறையைக் கொடுத்தார். அதில் ஒரு வீட்டின் பெயரும், முகத்துவாரம், கொழும்பு என்றும் இருந்தது. உண்மையைச் சொல்வதானால், செட்டியார் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

பயணம் சுலபம். காலை எட்டு மணிக்குக் காரைக்குடியில் ஏறினேன். பகல் ஒரு மணிக்கு மண்டபம். இங்கே டாக்டர்கள் வண்டிக்கு வருகிறார்கள். அம்மை குத்திக்கொண்ட சான்று கையில் இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு என்பதால் என்னை உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை இறக்கி, கம்பிவேலிக்குள் நாள் கணக்கில் வைத்திருந்து அனுப்புகிறார்கள். நடைமேடையில் ஒரு குமாஸ்தா அவர்கள் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டார், வயதைக் கேட்கவில்லை. முகத்தை ஒரு தடவை பார்த்து ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டே போனார். என் தாளிலும் என் நரையைப் பார்த்து அறுபது என்று எழுதியிருந்தார். எனக்கு நாற்பத்தெட்டு. ஆங்கிலத்தில் சொன்னதும் அடித்துத் திருத்திக் கொடுத்தார். அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் இருபத்திரண்டு மைல், இரண்டு மணி நேரம். அலை குறைவான மாதமாக இருந்தும் பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். தலைமன்னாரில் வண்டி தயாராக நிற்கிறது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொழும்புக் கோட்டை. அங்கே அணா கிடையாது, ரூபாய்க்கு நூறு சதம். காசை மாற்றிக்கொள்ளாமல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வர வேண்டாம்.

மூன்றாம் நாள் முகத்துவாரத்துக்குப் போனேன். கோட்டையிலிருந்து வடக்கே நாலு மைல், ரிக்‌ஷாவுக்கு எண்பது சதம். இழுத்தவர் பெயர் காதர், நாற்பது வயதிருக்கும். நான் வாயைத் திறந்ததும், "அம்மாவுக்கு எந்த ஊரு? நமக்குத் திருப்பத்தூருக்குக் கெழக்க," என்றார். காரைக்குடி என்றேன். "அப்ப நம்ம ஊருதான்னு சொல்லுங்க! அஞ்சு சதம் கொறைக்கலாம்னு பாத்தேன். நம்ம ஊரு ஆளுன்னா கேக்காமயே கூடத் தருவீக." ஏறும்போதே அவர் கையில் நான் ஒரு முழு ரூபாயைக் கொடுத்திருந்தேன்.

செட்டியார் தெருவையும் கடைகளையும் தாண்டியதும் பாதை துறைமுகத்தை ஒட்டியே ஏறுகிறது. இடப்புறம் அலைதாங்கிச் சுவர், அதற்குள் நங்கூரமிட்ட கப்பல்கள், நிலக்கரிப் படகுகள். மேட்டில் ஏறியதும் சத்தம் குறைந்துவிடுகிறது. பிறகு பங்களாக்கள் மட்டும். ஒவ்வொன்றும் நாலைந்து ஏக்கர் இருக்கும். நீண்ட தாழ்வாரம், கடல்வரை இறங்கும் புல்தரை, வாசலில் ஆங்கிலத்தில் வீட்டின் பெயர். கதவு எண் கிடையாது. சாலையில் குழந்தை வண்டி தள்ளும் ஆயாக்களைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. கப்பல்களிலிருந்து வரும் கரித்தூள் குரோட்டன் இலைகளில் படிந்துவிடுவதால், ஒரு வீட்டில் இரண்டு ஆட்கள் நனைத்த துணியால் இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இது தினமும் நடக்கிறதாம். பங்களாக்களுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் வேலையாட்களின் குடிசைகள், மீனவர்களின் குடிசைகள், எல்லாவற்றுக்கும் ஒரே குழாய். அந்தச் சந்தின் இலைகளை யாரும் துடைப்பதில்லை.

"இங்க மனுசங்க பேரு யாருக்கும் தெரியாதும்மா. வீட்டுப் பேரைச் சொல்லணும்," என்றார் காதர். வீட்டுப் பேரைச் சொன்னேன். நேரே கொண்டுபோய் நிறுத்தினார்.

வீட்டம்மாவுக்கு என் வயதிருக்கும். விசாலாட்சியை அழைத்து வந்தவர் அவருடைய மாமியார்; ஒன்றரை வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மரியாதையாக உட்கார வைத்தார். என் பட்டத்தைச் சொன்னதும் மரியாதை சற்றுக் கூடியது. விஷயத்தைச் சொன்னேன்.

"விசாலாட்சியோ? அப்பிடி ஒருத்தரும் இங்க இருக்கேல்லை. கடிதங்களும் வந்தது, திருப்பி அனுப்பினனாங்கள்."

"முப்பத்திரண்டு வயது. வெள்ளைச் சேலை. காரைக்குடிப் பக்கம்."

"முப்பத்திரண்டு வயசில ஒருத்தரும் இல்லை. மாமி இருக்கேக்க ஒரு கிழவி குசினியில நிண்டவ. அவவும் மார்கழியில காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில செத்துப்போனா."

யாரோ ஒரு சமையற்கட்டுக் கிழவியைப் பற்றி எனக்கு ஏன் சொல்கிறார் என்று நினைத்தேன். நன்றி சொல்லி எழுந்திருக்கப் போனேன். அதற்குள் தேநீர் வந்தது. கூடவே ஒரு தட்டில் ரொட்டித் துண்டுகள், ஒரு கிண்ணத்தில் பழப்பாகு, இன்னொரு தட்டில் வெள்ளைப் பணியாரம்.

வெள்ளைப் பணியாரம் காரைக்குடிப் பக்கத்தில் விசேஷ நாளில் செய்வது. எண்ணெயில் வெந்தும் நிறம் மாறாமல் வெள்ளையாகவே இருக்க வேண்டும். தெரியாதவர் கையில் அது சிவந்துபோகும். இது சிவக்கவில்லை. வீட்டம்மா அதைப் பழப்பாகில் தொட்டுச் சாப்பிட்டார்.

"இதை யார் செய்தது?" என்று கேட்டேன்.

"எங்கட குக். விருந்துக்கு வாற வெள்ளைக்காரருக்கு நல்ல விருப்பம்."

பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தினாரே தவிர மறுக்கவில்லை. சமையற்கட்டு வீட்டிலிருந்து தனியே, நாற்பது அடி தள்ளி இருந்தது. வீட்டம்மா என்னோடு வரவில்லை. பிறகுதான் புரிந்தது, அவர் அங்கே போவதே இல்லை.

சமையல்காரர் சைமன் அப்பு, சிங்களவர், ஐம்பது வயது. தமிழைத் துண்டு துண்டாகப் பேசினார்.

"அரிசி கோப்பை நிறைய. அதுக்கு மேலே உளுந்து, கோபுரம் மாதிரி. ஆச்சி சொல்லிக் குடுத்தது."

காரைக்குடியில் நாள் முழுதும் காதில் விழும் அந்தச் சொல்லை அங்கே நான் எதிர்பார்க்கவில்லை. எந்த ஆச்சி என்றேன்.

"ஆச்சி. செத்துப் போச்சு. நான்தான் ரிக்‌ஷாவிலே ஆஸ்பத்திரி கொண்டுபோனது."

"அவர் பெயர்?"

"ஆச்சிதான்." என் கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. "பெரிய நோனா ஆச்சி சொன்னது. நாங்க எல்லாம் ஆச்சி சொன்னது. தபால் வந்தா ஆச்சியே போய் வாங்கும்." நோனா என்றால் வீட்டம்மா; பெரிய நோனா, காலமான மாமியார்.

அடுப்புக்கு மேலிருந்த மாடத்தைக் காட்டினார். அங்கே ஒரு சிறிய தட்டில் ஒற்றைப் பணியாரம் இருந்தது. "முதல் ஊத்தினது எடுத்து வைக்க வேணும். ஆச்சி எப்பவும் வைக்கும். யாருக்குக் கேட்டா, மீனாளுக்கு சொல்லும். உங்க ஊர் சாமி. நானும் விடுறது இல்லை. சாமி கோவிக்கும்."

நான் அந்த மாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீனாள் சாமி அல்ல என்று சொல்லவில்லை.

வெளியே வந்து காதரிடம் கேட்டேன். "அய்யோ, அதை ஏன் கேக்குறீக! இங்க ஆச்சின்னா கெழவிம்மா. சிங்களத்துலயும் அப்படித்தான். நம்ம ஊரு செட்டியார் வீட்டம்மா ஒருத்தங்க கோயிலுக்கு வந்தப்ப மரியாதையா ஆச்சின்னு கூப்புட்டேன். பக்கத்துல நின்ன சிங்களவன் என்னைய முறைக்கிறான், சின்னப் பொண்ணைப் போய்க் கெழவிங்கிறியேன்னு."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுத்தர் நல்ல மனிதர், ஆங்கிலத்தில் பேசினார். மார்கழி மாதப் பதிவேட்டைப் புரட்டி வரியைக் காட்டினார். பெயர்: ஆச்சி. இனம்: தமிழர். வயது: எழுபது. காய்ச்சல். கேட்டு வந்தவர் யாருமில்லை. ஆஸ்பத்திரிச் செலவில் அடக்கம்.

"அவருக்கு முப்பத்திரண்டு," என்றேன்.

"சேர்த்தவர் கிழவி என்று சொல்லியிருக்கிறார் அம்மா. எங்கள் ஆள் அதற்கு ஒரு வயதைப் போட்டிருக்கிறார்." மண்டபத்துக் குமாஸ்தா நினைவுக்கு வந்தார்.

திருத்தலாம் என்றார். உயிரோடு பார்த்துப் பழகிய ஒருவர் வந்து சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். எனவே மறுபடியும் முகத்துவாரம், மறுபடியும் நாலு மைல். சைமன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நோனா சொன்னால் வருகிறேன் என்றார். வீட்டம்மா நான் சொன்னதை முழுதும் கேட்டார். முகம் வெளிறியது உண்மை.

"நான் அவவின்ர முகத்தை ரெண்டு தரம்தான் பார்த்திருப்பன். முக்காடு போட்டிருப்பா. குனிஞ்சுதான் நடப்பா." பிறகு, "ஆனா சத்தியம், கடுதாசி எண்டு இந்த வீட்டுப் பேரை வெளியில கொண்டுபோக அவர் விடமாட்டார். வீட்டுக்காரரைச் சொல்லுறன். குறை நினைக்க வேண்டாம்."

நான் குறை நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபத்தைந்து வருஷமாக இதே நாகரிகத்தோடுதான் எங்கும் நடந்து வருகிறேன். இன்னும் ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்தாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஐம்பது சதம் கட்டி, எழுபது வயது என்றே எழுதிய நகலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். எழுத்தில் இருந்தால் போதும், விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்பது என் எண்ணம். படித்தவர்களுக்கு வரும் எண்ணம்.

காரைக்குடியில் வண்டியை விட்டு இறங்கிய அன்று மாலையே உமையாள் ஆச்சியின் வீட்டுக்குப் போனேன். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், சாத்தப்பச் செட்டியார் உட்கார்ந்திருந்தார். நான் வருவது தெரிந்து வந்திருக்கிறார். மீனாள் தூணருகே நின்றாள். நடந்ததைச் சொல்லித் தாளைக் கொடுத்தேன். உமையாள் ஆச்சி வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டார். செட்டியார் தாளைத் தன்னோடு வந்திருந்த கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

"வயசு எழுவதுன்னு போட்டிருக்கு," என்றார் கணக்குப்பிள்ளை.

"பேரு?"

"ஆச்சின்னு இருக்கு. வேற பேரு இல்லீக."

செட்டியார் தாளை மடித்து என்னிடமே நீட்டினார். "டீச்சரம்மா, நீங்க படிச்சவுக. நாளைக்குப் புள்ளை வீட்டார் கேட்டா நான் என்னன்னு சொல்றது? கொழும்புல ஒரு எழுவது வயசுக் கெழவி செத்துச்சு, அதுக்கு நாங்க தீட்டுக் காக்குறோம்னா? கல்யாணத்தை நிறுத்தச் சொல்றீகளா?"

"ஆச்சி என்றால் அங்கே கிழவி. அதனால் வந்த தவறு."

"எங்க வீட்டுல ஆச்சின்னா ஆச்சிதான். அந்தம்மா பேரை நாங்க தலைமுழுகியாச்சு. விட்டுருங்க."

நான் தர்க்கம் பண்ணிப் பழகியவள். ஆனால் கையிலிருந்த ஒரே ஆதாரம் எனக்கு எதிராக இருந்தது. வேறு ஒன்றும் இல்லாததால், ஆதாரம் என்று நான் மதிக்காத ஒன்றைச் சொன்னேன். சமையற்கட்டு மாடத்தில் இருந்த ஒற்றைப் பணியாரத்தைச் சொன்னேன். மீனாள் என்பது ஏதோ ஊர்ச்சாமி என்று சைமன் நினைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன்.

மீனாள் தூணை விட்டு நகர்ந்து இரண்டாம் கட்டுக்குப் போனாள். கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு வாளி. இன்னொரு வாளி. செட்டியார் எழுந்து, "ஏ, மீனா! என்ன செய்யிற? ஆவணி முகூர்த்தம்டி! நில்லு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். ஆனால் அவர் போகவில்லை. யாரும் போகவில்லை.

அவள் திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க தலைமுழுகுனது வேற, பெரியப்பச்சி. நான் எங்க ஆத்தாளுக்கு முழுகியிருக்கேன்," என்றாள்.

நாட்டரசன்கோட்டைக்காரர்கள் பத்து நாளில் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். ஐப்பசிக்குள் பிள்ளைக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். அந்தத் தெருவில் என்னைக் கண்டால் திரும்பிக்கொள்பவர்கள் இப்போது உண்டு. மீனாள் செய்தது சரியா என்று சிலர் என்னிடமே கேட்கிறார்கள். பதினைந்து வயதில், பேசி முடித்த கல்யாணம் நின்ற பிறகு, ஒரு வருஷம் காத்திருப்பதே நீண்ட காலம். இனி யார் வந்து கேட்பார்கள் என்பதும் தெரியாது.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்கள் பெயர், தகப்பனார் பெயர், ஊர், வயது ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வேண்டாம், பெட்டி வேறு கைக்குப் போய்விடும். எந்த வீட்டில் வேலைக்கு நின்றாலும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். எழுத்தர் எழுதும்போது வயதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முகத்துவாரம் போன்ற இடத்தில் யாரையாவது தேடிப் போனால் முன்வாசலில் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம்; பின்பக்கத்துச் சந்து வழியாகப் போய் அடுப்படியில் கேளுங்கள்.

அந்த மாலை நான் கிளம்பியபோது மீனாள் வாசல்வரை வந்தாள். தலை இன்னும் காயவில்லை.

"டீச்சரம்மா, எடுத்து வைக்கிற பணியாரத்தை அப்புறம் அவுக என்ன செய்வாக?"

அதையும் சைமன் சொல்லியிருந்தார். சாயங்காலம் கடல்பக்கத்து மதிலில் வைப்பாராம். காக்கை வந்து எடுத்துக்கொண்டு போகுமாம்.

"அன்னன்னைக்கே எடுத்துருமா?"

எடுத்துவிடும் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.